பூக்கொய் படலம் முதல் மலர்க்காட்சி வரை

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் ஒரு சிறுமி தொலைந்துபோகிறாள். மதுரையிலிருந்து திருப்பரங்குன்றத்துக்குச் சொந்தபந்தங்களோடு வந்தவள் அவள். பாறைகளுக்கு இடையே புகுந்து திரிந்ததில் வந்த வழி மறந்துவிடுகிறது. பெரியவர்களைக் கூவி அழைக்கிறாள். மலைக்குகை அவள் குரலையே திருப்பி அனுப்புகிறது. வீட்டார்தான் பதில் கொடுக்கிறார்கள் என்று நம்பி, அந்தத் திசையிலேயே மேலும் மேலும் போகிறாள்.

அதே பாடலில் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கருமுக முசுக்களுக்குக் கரும்பு நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஓவிய மண்டபத்தில் நின்று ‘இவள் ரதி, இவன் காமன்’ என்று ஒருவருக்கொருவர் படம் காட்டி விளக்குபவர்களும் இருக்கிறார்கள். நப்பண்ணனார் பாடியது முருகனின் குன்றத்தைத்தான். ஆனால் அதன் வழியே நமக்குக் கிடைத்திருப்பது, தமிழ்க் குடும்பங்கள் கூட்டமாகக் கிளம்பி ஒரு மலைக்குப் போய்வந்த நாளின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று. மே மாதத்தில் உதகை தாவரவியல் பூங்காவுக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. இன்றும் அங்கே குழந்தைகள் கூட்டத்தில் கைநழுவுகிறார்கள். குகையின் இடத்தில் ஒலிபெருக்கி இருக்கிறது, அவ்வளவுதான்.

பூவும் மலையும் நீரும் தேடிக் குடும்பமாகக் கிளம்பும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. அந்த வழக்கத்துக்குள் நடந்த இரண்டு மாற்றங்களே இக்கட்டுரையின் பொருள். முன்பு பருவம் அழைத்தபோது கிளம்பினோம். இன்று விடுமுறை அழைக்கும்போது கிளம்புகிறோம். முன்பு பூவைப் பறித்தோம், தொடுத்தோம், சூடினோம். இன்று தள்ளி நின்று பார்க்கிறோம். இவ்விரண்டும் எப்படி நடந்தன என்று தேடினால், இளவேனில் என்ற பருவத்தோடு நமக்கிருந்த உறவு எங்கே இடம்பெயர்ந்தது என்பது தெரியவரும்.

நான்கு படலங்கள்

கம்பராமாயணத்தின் பாலகாண்டத்தில் தயரதன் தன் மகன் திருமணத்துக்காக மிதிலைக்குப் புறப்படுகிறான். அயோத்தி நகரமே உடன் கிளம்புகிறது. வழியில் சந்திரசயிலம் என்ற மலையின் அடிவாரத்தில் தங்குகிறார்கள். கதைக்கு அந்தத் தங்கல் அவசியமே இல்லை. ஆனால் கம்பர் அதற்குப் படலம் படலமாக இடம் ஒதுக்குகிறார்: மலையைப் பார்க்கும் வரைக்காட்சிப் படலம், பூக்கொய் படலம், புனல் விளையாட்டுப் படலம், பிறகு உண்டாட்டுப் படலம்.

இந்த வரிசை கம்பரின் தனி விருப்பம் மட்டுமல்ல. பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் சொல்லும் தண்டியலங்காரம், பொழிலில் இன்புறுவதையும் நீரில் விளையாடுவதையும் காப்பியத்தின் உறுப்புகளாகவே கணக்கில் வைக்கிறது. அரசியலும் போரும் சொல்லும் ஒரு நூலில் மக்கள் சோலைக்குப் போனதும் ஆற்றில் இறங்கியதும் இடம்பெற்றாக வேண்டும் என்று நம் இலக்கண மரபு கருதியது. ஓய்வும் வாழ்க்கை வரலாற்றின் பகுதிதான் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

மலை, மலர், நீர், உணவு. உதகைக்குப் போகும் இன்றைய குடும்பத்தின் திட்டத்தை இதோடு பொருத்திப் பாருங்கள். காலையில் தொட்டபெட்டாவில் மலைக்காட்சி. பிறகு தாவரவியல் பூங்கா. மாலையில் ஏரியில் படகு. இடையில் எங்காவது மரத்தடியில் விரிப்பை விரித்துப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். கம்பர் வகுத்த நான்கு படலங்களும் ஒரு பகலுக்குள் வந்துவிடுகின்றன. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே அந்தப் பயண இலக்கணம் நம்மிடம் தங்கியிருக்கிறது.

பருவத்தின் அழைப்பு

சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் ஓதலாந்தையார் ‘இளவேனிற் பத்து’ என்ற தலைப்பில் பத்துக் குறும்பாடல்கள் பாடியிருக்கிறார். வருவதாகச் சொன்ன தலைவன் வரவில்லை. வேனில் மட்டும் வந்துவிட்டது என்பதே பத்துக்கும் பொருள். முதல் பாட்டில் குயில் கூவுகிறது. அடுத்தடுத்த பாடல்களில் நுணா, கோங்கு, குரவம், அதிரல், பாதிரி, புங்கு, மரா, மா, வேம்பு என்று ஒவ்வொன்றாக வந்துநிற்கின்றன. தாவர நூல் எழுதும் நோக்கம் அவருக்கு இல்லை. ஆனாலும் தமிழ்ச் சமவெளியின் இளவேனில் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பட்டியல் வேறில்லை.

அந்தப் பத்துப் பாடல்களும் சேர்ந்து ஒன்றைச் சொல்கின்றன: இளவேனில் வேண்டியவர்கள் கூடியிருக்க வேண்டிய காலம். அதனால்தான் அப்போதைய பிரிவு அவ்வளவு வலிக்கிறது. கலித்தொகையின் பாலைப் பாடல்களிலும் இதே எண்ணம் தொடர்கிறது. காமவேள் விழா நடக்கிறது, வையைக் கரையில் மற்றவர்கள் துணையோடு விளையாடுகிறார்கள், நாம் மட்டும் தனியே இருக்கிறோம் என்ற ஏக்கம் அங்கே ஒலிக்கிறது. பொருள்தேடப் போனவர்கள் பூக்கும் காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும். மரங்களே அவர்களுக்கு நாட்காட்டி.

புகார் நகரின் இந்திர விழா சித்திரை முழுநிலவையொட்டி நடந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. 28 நாள் விழா அது. அதன் முடிவில் மாதவி வண்டியிலும் கோவலன் கோவேறு கழுதையிலும் ஏறிக் கடலாடப் போகிறார்கள். வழிநெடுக மக்கள் கூட்டம். கடற்கரையில் திரைகட்டி அமைத்த தங்குமிடங்கள். மணிமேகலையிலும் இதே விழாக் காலத்தில்தான் மணிமேகலை பூப்பறிக்கக் கிளம்புகிறாள். எந்தச் சோலைக்குப் போவது என்ற பேச்சில் இலவந்திகை, உய்யானம், சம்பாதி வனம், கவேர வனம், உவவனம் என்று நகரத்துப் பொழில்கள் வரிசையாக வருகின்றன. நடந்து போய்த் திரும்பும் தொலைவில் ஐந்து சோலைகளை வைத்திருந்த ஒரு நகரத்தைக் காப்பியப் புலவரால் இயல்பாகக் கற்பனை செய்ய முடிந்திருக்கிறது.

கோயில்களும் இந்தப் பருவத்துக்கென்று இடம் கட்டின. மதுரையில் புதுமண்டபம் என்று நாம் அழைப்பது, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் மீனாட்சி கோயிலின் வசந்த விழாவுக்காகக் கட்டிய வசந்த மண்டபம். சுற்றிலும் நீர் நிறுத்தி, வெக்கை தணிந்த இடத்தில் சுவாமியையும் அம்மனையும் எழுந்தருளச் செய்வார்கள். தமிழ்நாட்டின் பெரிய கோயில்கள் பலவற்றில் இப்படி ஒரு வசந்த மண்டபம் உண்டு. இளவேனிலில் தெய்வமும் வீட்டைவிட்டு வெளியே வந்து காற்று வாங்க வேண்டும் என்று நினைத்த சமூகம் இது.

மலைமேல் ஒரு வசந்தம்

19ஆம் நூற்றாண்டில் வேறொரு பருவக் கணக்கு இங்கே வந்தது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். சில ஆண்டுகளிலேயே உதகையில் தமக்கென ஒரு கல் வீடு கட்டினார். தோடர், படகர், கோத்தர், குறும்பர் ஆகியோரின் நிலமாக இருந்த அந்த மலை, வெயில் தாங்காத ஆங்கிலேயர்களின் புகலிடமானது. 1870 முதல் சென்னை மாகாண அரசே கோடையில் உதகைக்கு இடம்பெயர்ந்தது.

பூங்காவின் தொடக்கம் பூவுக்காக அல்ல, காய்கறிக்காக. மலையில் குடியேறிய ஐரோப்பியர்கள் சந்தா போட்டு, தங்களுக்குப் பழகிய காய்கறிகளை விளைவிக்க ஒரு தோட்டம் வைத்தார்கள். அது சரிவர நடக்காமல்போகவே, 1848இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் வரவழைக்கப்பட்டார். சதுப்பும் காடுமாக இருந்த சரிவை அடுக்கடுக்கான தளங்களாக வெட்டி, இன்று சுமார் 22 ஹெக்டேரில் பரந்திருக்கும் பூங்காவுக்கு வடிவம் கொடுத்தவர் அவர். 1896இல் அங்கே மலர்க்காட்சி தொடங்கியது. குன்னூரின் சிம்ஸ் பூங்கா 1874இலும் கொடைக்கானலின் பிரையண்ட் பூங்கா 1908இலும் உருவானவை.

1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் மலை ரயில் ஓடத் தொடங்கியது. பல்தண்டவாளத்தைப் பற்றி ஏறும் அந்த ரயில் 46 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. சமவெளிக் குடும்பங்களுக்கு மலையைத் திறந்துவிட்டதில் முதல் பங்கு இந்த ரயிலுக்கு உண்டு. விடுதலைக்குப் பிறகு பேருந்துகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. ஆட்சியாளர்கள் ஓய்வெடுத்த இடத்துக்கு நெசவாளியும் ஆசிரியரும் கடைக்காரரும் தம் பிள்ளைகளைக் கூட்டிப்போக முடிந்ததை நான் ஒரு சமூக வெற்றியாகவே பார்க்கிறேன்.

ஆனால் அவர்கள் போய்ப் பார்த்தது எந்த வசந்தத்தை? பூங்காவின் பாத்திகளில் நிற்கும் டேலியாவும் செண்டுப்பூவும் மெக்சிகோவிலிருந்து வந்தவை. பெட்டூனியாவின் தாயகம் தென் அமெரிக்கா; செக்கச்சிவந்த சால்வியாவுடையது பிரேசில்; ஜெரேனியத்தின் மூதாதைகள் தென் ஆப்பிரிக்காவில். பேன்சி ஐரோப்பியப் பூ. நான்கு கண்டங்களின் மலர்களை ஒரு சரிவில் சேர்த்து உண்டாக்கிய வசந்தம் அது. சோலைக்காட்டு மரங்கள் இளஞ்சிவப்புத் தளிர் விட்டு மலையின் நிறத்தையே மாற்றும் நாட்களும் அதே ஆண்டில் உண்டு. அதைப் பார்க்க நுழைவுச்சீட்டு வாங்கி யாரும் நிற்பதில்லை.

பூக்க வைத்த நாள்

லண்டனில் கோடையின் நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ 9 மணி நேர வேறுபாடு இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் உதகையில் அந்த வேறுபாடு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான். பகல் நீள்வதை உணர்ந்து நிலமே ஒருசேரப் பூத்துக் குலுங்கும் ஐரோப்பிய வசந்தம் இங்கே தானாக வராது. அதைக் கையால்தான் உண்டாக்க வேண்டும்.

உதகையில் ஏப்ரலும் மேயும் முதல் சீசன். செப்டம்பரும் அக்டோபரும் இரண்டாம் சீசன். மேயில் பூக்க வேண்டுமானால், விதையிலிருந்து பூ வர மூன்று நான்கு மாதம் பிடிக்கும் செடிகளுக்குக் குளிர்காலத்திலேயே நாற்றங்கால் தயாராக வேண்டும். உறைபனி விழும் காலமும் அதுதான். ஒரே இரவில் நாற்று கருகிவிடும். கோத்தகிரிப் பக்கத்து மிலார்ச் செடிகளை வெட்டிவந்து இரவில் பாத்திகளைப் போர்த்துகிறார்கள். விடியற்காலையில் தண்ணீர் தெளித்து இலைமேல் உறைந்த பனியைக் கரைக்கிறார்கள். நாற்று தேறியதும் நடவு, தொட்டி மாற்றுதல், களையெடுத்தல், புல்வெளியை மூடிவைத்துப் பராமரித்தல் என்று வேலை தொடர்கிறது. அண்மை ஆண்டுகளில் 35,000க்கும் குறையாத தொட்டிகள் மலர் மாடங்களில் அடுக்கப்படுகின்றன. அத்தனையும் ஒரே வாரத்தில் முகம் மலர்ந்து நிற்க வேண்டும். கோடை மழை கொஞ்சம் ஓங்கிப் பெய்தால் மாதக்கணக்கான உழைப்பு சேற்றில் சாயும்.

இதைச் செய்பவர்களின் கைகளை நாம் பார்ப்பதில்லை. மே மாதம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கெல்லாம் விடுமுறை. பூங்காத் தோட்டத் தொழிலாளிக்கு ஆண்டிலேயே மூச்சுவிட நேரமில்லாத மாதம். அவருடைய பிள்ளைகளுக்கும் அதே மாதத்தில்தான் பள்ளி விடுமுறை. மற்றவர்களின் பிள்ளைகளுக்காகப் பூத்திருக்கும் பாத்தியில், தன் பிள்ளைகளோடு சேர்ந்து நிற்க அவருக்கு நேரம் வாய்ப்பதில்லை. மலர்க்காட்சியைப் பற்றிய எந்தப் பாராட்டும் அவரிடமிருந்து தொடங்க வேண்டும்.

பருவத்தின் இடத்தில் விடுமுறை வந்து உட்கார்ந்ததன் முழு வடிவம் இது. பள்ளித் தேர்வு ஏப்ரலில் முடிகிறது. ஜூனில் மறுபடி திறக்கிறார்கள். நீதிமன்றங்களும் மேயில் கோடை விடுமுறை விடுகின்றன. அப்பாவின் விடுப்பும் அம்மாவின் விடுப்பும் பிள்ளைகளின் விடுமுறையும் ஒத்துப்போகும் ஒரே வாரம் அந்த மாதத்தில்தான் கிடைக்கும். அந்த வாரத்தைக் கணக்கிட்டே டிசம்பரில் விதை விழுகிறது. மரம் பூத்த செய்தி கேட்டு மனிதர் வீடு திரும்பியது ஓதலாந்தையாரின் உலகம். மனிதரின் நாட்காட்டிக்குப் பூ வந்துநிற்பது நம் உலகம்.

தொடாத பூ

இரண்டாவது மாற்றத்தை நான் புரிந்துகொண்டது ஒரு சிறு நிகழ்ச்சியில். எட்டு வயதில் முதல்முறை உதகைக்குப் போனபோது பாட்டியும் வந்திருந்தார். ஒரு மலைப் பூங்காவில், பாத்தியோரம் சாய்ந்திருந்த ரோஜாவைப் பார்த்ததும் யோசிக்காமல் கையை நீட்டிவிட்டார். அங்கிருந்த காவலர் தன்மையாகத் தடுத்தார். பாட்டி கையை இழுத்துக்கொண்டு, ‘இத்தனை பூ இருக்கு, ஒண்ணுகூடத் தலைக்கு இல்லையா?’ என்று எங்கள் அத்தையிடம் கேட்டார். அன்று எல்லோரும் சிரித்தோம். இப்போது யோசிக்கும்போது, பாட்டி கேட்டது பூக்கொய் படலத்தின் கேள்வி என்று தோன்றுகிறது.

நம் மரபில் பூ என்பது கைக்கு வர வேண்டியது. தொடுப்பதற்கும் கட்டுவதற்கும் கோப்பதற்கும் பின்னுவதற்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம், முழம்போட்டு அளக்கிறோம். சித்திரை, வைகாசியில் மதுரை வட்டாரத்தில் மல்லிகை வரத்து பெருகும். வெயில் ஏறும் முன்பே மொட்டாகப் பறித்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். மாலையில் அது கூந்தலில் விரிய வேண்டும். பூவுக்கும் பெண்ணுக்கும் வீட்டுக்கும் இடையே நாள்தோறும் நடக்கும் உறவு அது. தாவரவியல் பூங்கா வேறொரு பண்பாட்டிலிருந்து வந்தது. அங்கே செடிக்குப் பெயர்ப்பலகை உண்டு. பூ எல்லோருக்கும் பொதுவான காட்சி. ஒருவர் பறித்தால் அடுத்தவருக்கு இல்லை. ஆயிரக்கணக்கானோர் வரும் இடத்தில் அந்த விதி நியாயமானது. பொதுச்சொத்தைத் தொடாமல் ரசிப்பதை நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டதும் நல்லதே. ஆனால் குடும்பம் பூவோடு கொள்ளும் ஒரே உறவாகப் பார்வை மட்டுமே எஞ்சிவிட்டால், பூக்கொய் படலம் நம் கையைவிட்டுப் போகிறது. இன்று பூவின் முன் நிற்கும் குடும்பம், முதுகைப் பூவுக்குக் காட்டிக் கைபேசியைப் பார்க்கிறது.

மலை தாங்குமா?

எல்லாக் குடும்பங்களும் ஒரே வாரத்தில் ஒரே மலைக்கு ஏறினால் என்ன ஆகும் என்பதை அண்மை ஆண்டுகள் காட்டிவிட்டன. சீசன் நாட்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைவதாக உயர் நீதிமன்ற விசாரணையில் சொல்லப்பட்டது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு வந்தது.

மலையில் கடை வைத்திருப்பவர்களும் விடுதி நடத்துபவர்களும் இந்த வரம்பால் பிழைப்புக் கெடும் என்று எதிர்த்தார்கள். அவர்கள் கவலை உண்மையானது. இரண்டு மாத வருமானத்தில் ஓராண்டு ஓட வேண்டியவர்கள் அவர்கள். மலையின் நிலைமையும் உண்மையானது. தண்ணீர், குப்பை, சரிவுகளின் பிடிமானம் எதுவும் மே மாதக் கணக்கில் பெருகுவதில்லை. இந்த நெருக்கடியை வாகன எண்ணிக்கையாக மட்டும் பார்ப்பது போதாது. வசந்தம் என்றால் மலைமேல், மே மாதத்தில், பூங்கா வேலிக்குள் என்று நாம் எல்லோரும் ஒரே இடத்தில் அதைக் குவித்துவைத்ததன் விளைவு இது.

அதே மலையில் நம் நாட்காட்டியை மதிக்காத பூ ஒன்றும் உண்டு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்து 2030. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மழைக்கு நடுவே வரும். அதற்கென்று எந்தப் பள்ளியும் விடுமுறை விடாது. குறிஞ்சியைப் பார்க்க விரும்பும் குடும்பம் தன் வாழ்நாளைக் குறிஞ்சியின் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது: கடந்த பூப்பில் பிள்ளைக்கு என்ன வயது, அடுத்த பூப்பில் தாத்தா இருப்பாரா என்று. பூவுக்காக மனிதர் காத்திருந்த பழைய உறவின் மிச்சம் அது.

வாசலில் வந்துநிற்கும் இளவேனில்

மலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்து மணி நேரம் மூச்சிரைத்து ஏறும் ரயிலின் சன்னலோரத்தில் பிள்ளையை மடியில் வைத்திருப்பது வேறெதற்கும் ஈடாகாத இன்பம். ஆனால் ஆண்டுக்கு ஒரு வாரம் என்று சுருங்கிப்போன இளவேனிலை அதன் சொந்த இடத்திலும் தேடலாம். பங்குனி பிறந்தால் புங்கமரத்தடி நெற்பொரி இறைத்ததுபோல வெளுத்துக்கிடக்கும். சாலையோரக் கொன்றை மஞ்சள் சரம் தொங்கவிடும். பாதிரி சில கோயில்களில் தலமரமாக இன்னும் நிற்கிறது. திருப்பாதிரிப்புலியூர் அதன் பெயரையே சுமக்கிறது. ஓதலாந்தையாரின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் தன் ஊரில் அவற்றில் எத்தனை மரங்களைக் கண்டுபிடிக்க முடியும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பினால், அதற்கு இ-பாஸ் தேவையில்லை. கிடைக்காத மரத்தின் கன்றை நட்டுவைக்கலாம். புகாரைப்போல நடக்கும் தொலைவில் ஐந்து சோலைகள் வேண்டும் என்று நகராட்சியிடம் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

பூக்கொய் படலமும் முற்றிலும் போய்விடவில்லை. சித்திரை முதல் நாள் சமையலுக்கு வேப்பம்பூ வேண்டும். பங்குனி இரவில் வேப்பமரத்தடியைப் பெருக்கி, அம்மாவும் பிள்ளைகளுமாகப் பழைய வேட்டியை விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்துவிட்டுப் படுக்கப்போகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. விடிந்ததும் வேட்டியை மடக்கினால் கைநிறையப் பூ இருக்கும். காம்பு நீக்கி, வெயிலில் காயவைத்து, நெய்யில் வறுத்துப் பச்சடியிலோ ரசத்திலோ சேர்க்கிறார்கள். மரம் எப்போது உதிர்க்கிறதோ அப்போதுதான் வேட்டியை விரிக்க முடியும். பூவைக் கையால் அள்ளலாம், முகரலாம், தின்னவும் தின்னலாம். இளவேனிற் பத்தின் பத்தாவது பாட்டில், வராத தலைவனை நினைத்துக்கொண்டு தலைவி நிற்கும்போது உதிர்ந்துகொண்டிருப்பதும் இதே வேம்பின் பூதான்.